தண்ணீரை எங்கே அனுப்புவது?

ஹார்டுவேர் கடையில் ‘வாட்டர்புரூஃப்’ என்று அச்சிட்ட டேப் ஒன்றை வாங்கி வந்து, கசிகிற குழாயில் சுற்றிப் பாருங்கள். சுற்றச் சுற்ற வழுக்கும். ஒரு முனை ஒட்டியதுபோல் இருக்கும். விரலை எடுத்ததும் சுருண்டு எழும். அட்டையில் எழுதியிருப்பது பொய்யல்ல. அதே டேப்பை உலர்ந்த குழாயில் ஒட்டிவிட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அது அசையாது. ஒட்டிய பிறகு நீரைத் தாங்குவது ஒரு வேலை. நனைந்த இடத்தின் மேலேயே ஒட்டுவது வேறு வேலை. முதல் வேலையை மனிதர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஏறத்தாழ முடித்துவிட்டார்கள். இரண்டாவதில் உருப்படியான வெற்றி கிடைத்தது இந்த நூற்றாண்டில்தான். அதுவும் குழாய்க்காக அல்ல, நுரையீரலுக்கும் குடலுக்குமாக.

முதல் வேலையின் கதை சின்னது. 1925இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ரிச்சர்ட் ட்ரூ என்பவர் கார்களுக்கு வண்ணம் பூசுவோருக்காக மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். 1930இல் செலோஃபேன் தாளில் பசை பூசி ஒளிபுகும் டேப்பைக் கொண்டுவந்தார். 1943இல் வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண்மணி இல்லினாய் மாநிலத்தின் ஆயுதத் தொழிற்சாலை ஒன்றில் தோட்டாப் பெட்டிகளைச் சோதித்துக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் காகித டேப்பால் மூடி, நீர் புகாதிருக்க மெழுகில் தோய்ப்பார்கள். போர்முனையில் அவசரமாகப் பிரிக்கும்போது, இழுக்க வேண்டிய காகித முனை கையோடு பிய்ந்து வந்துவிடும். இரு மகன்கள் கடற்படையில் இருக்கும் தாய்க்கு இது சாதாரணக் குறையாகப் படவில்லை. துணியாலான, நீர் புகாத டேப்பைப் பயன்படுத்தலாம் என்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். யோசனை ஏற்கப்பட்டது, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அதைத் தயாரித்தது. இன்று டக்ட் டேப் என்று விற்பது அதன் வாரிசு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பெட்டிகள் உலர்ந்திருக்கும்போதுதான் டேப் ஒட்டப்பட்டது. மழையும் கடலும் பிறகுதான் வந்தன.

நனைந்த இடத்தில் ஏன் முடிவதில்லை என்பதற்கு, உலர்ந்த இடத்தில் எப்படி முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டேப்பிலுள்ள பசை திடமுமல்ல, திரவமுமல்ல. விரலால் அழுத்தினால் மெல்ல வழிந்தோடி, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் இறங்கும் அளவுக்கு மென்மை; பிய்க்கும்போது அறுந்துபோகாமல் நீளும் அளவுக்கு உறுதி. 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்குவிஸ்ட் இந்த மென்மைக்கு ஓர் எல்லையையே வகுத்தார். பசை அதைவிட விறைப்பாக இருந்தால், எத்தனை நல்ல வேதிப்பொருளானாலும் தொட்டவுடன் ஒட்டாது. இத்தனை நெருக்கம் எதற்கு? இரு பரப்புகளையும் பிடித்துவைக்கும் வான் டெர் வால்ஸ் விசைகள், அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்புகள், எட்டும் தூரம் மிகக் குட்டையானது. இடைவெளி சில நானோமீட்டரைத் தாண்டினால் அவற்றால் பயனில்லை.

நீர் கெடுப்பது இந்த நெருக்கத்தைத்தான். கண்ணாடி, துருப்பிடித்த இரும்பு, சிமென்ட், உடலின் உள்ளுறுப்புகள் எல்லாமே நீரை விரும்பும் பரப்புகள். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, பசை வந்து சேருமுன்னே நீர் மூலக்கூறுகள் அங்கே உட்கார்ந்துவிடுகின்றன. பரப்பில் எந்தெந்த அணுக்களோடு பசை கைகோர்க்க வேண்டுமோ, அவை ஏற்கெனவே நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கின்றன. வான் டெர் வால்ஸ் விசையும் நடுவில் நீர் இருந்தால் பெரிதும் மெலிந்துவிடுகிறது.

அழுத்திப் பிதுக்கி வெளியேற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கே ஒரு பொல்லாத கணக்கு குறுக்கே நிற்கிறது. இரு தட்டையான பரப்புகளுக்கு இடையிலுள்ள திரவத்தை அழுத்தி வெளியேற்றினால், படலம் மெலிய மெலிய அது நகர்வது கடினமாகிக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டின் ஆஸ்திரிய இயற்பியலாளர் யோசஃப் ஸ்டெஃபானின் கணக்குப்படி, படலத்தின் தடிமன் பத்தில் ஒன்றாக வேண்டுமானால் நூறு மடங்கு நேரமும், நூற்றில் ஒன்றாக வேண்டுமானால் பத்தாயிரம் மடங்கு நேரமும் பிடிக்கும். கடைசிச் சில நானோமீட்டரைக் கையால் அழுத்தி விரட்ட முடியாது. மரத்தவளையின் விரல் நுனியில் அறுகோணத் திட்டுகளும் அவற்றுக்கிடையே வாய்க்கால்களும் இருப்பது இதனால்தான்; நீர் நெடுந்தூரம் ஓடத் தேவையில்லை, பக்கத்து வாய்க்காலில் இறங்கிவிடலாம். மழைச்சாலையில் ஓடும் டயரின் வரிப்பள்ளங்களுக்கும் இதே வேலைதான்.

ஈரமில்லாத உலகில் ஒட்டுவதில் பல்லியை மிஞ்ச ஆளில்லை. அதன் காலடியில் பசை கிடையாது. நுனியில் மேலும் மேலும் கிளைத்துப் பிரியும் நுண்மயிர்கள், சுவரோடு அத்தனை நெருக்கமாகப் பொருந்தி வான் டெர் வால்ஸ் விசையைக் கறந்துகொள்கின்றன. கெல்லர் ஆட்டம் குழுவினர் 2000ஆம் ஆண்டில் ஒற்றை மயிரின் பிடிமானத்தையே அளந்தார்கள். அதைப் பார்த்துப் பல ஆய்வகங்களில் ‘பல்லி டேப்’ செய்தார்கள். கண்ணாடியை நனைத்தவுடன் பிடி தளர்ந்தது. பல்லிக்கும் அதே கதிதான். 2013இல் அலிசா ஸ்டார்க் குழுவினர் தோக்கே பல்லிகளை வெவ்வேறு பரப்புகளில் வைத்து இழுத்துப் பார்த்தார்கள். நனைந்த கண்ணாடியில் வழுக்கின. நீரை வெறுக்கும் பரப்புகளில், நனைந்திருந்தும் பிடித்துக்கொண்டன. டெஃப்லானில் முடிவு தலைகீழ்: உலர்ந்திருக்கும்போது பிடிக்காத பல்லி, நனைந்தபோது நன்றாகப் பிடித்தது. பல்லியின் காலும் நீரை வெறுப்பது, டெஃப்லானும் வெறுப்பது. இரண்டும் சேரும்போது நடுவிலுள்ள நீர் தானாகவே விலகிக்கொள்கிறது. ஆக, ஈரம் என்பது மட்டும் கேள்வியல்ல. அந்த ஈரத்தை எந்தப் பரப்பு எவ்வளவு இறுகப் பிடித்துவைத்திருக்கிறது என்பதே கேள்வி.

டெஃப்லான் என்றதும் ஒரு சின்ன விலகல். குழாய் வேலை செய்பவர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பில் பசையே கிடையாது. அது மரையின் இடுக்கை அடைக்கிறது, அவ்வளவுதான். கசிவுக்கு விற்கும் சிலிகான் டேப்பிலும் பசை இல்லை. இழுத்துச் சுற்றினால் அது தன்மேல் தானே ஒட்டி ஒரே ரப்பர் உறையாகிவிடும். குழாயோடு அதற்கு ஒட்டுறவே வேண்டாம். பிசைந்து அப்பும் எபாக்ஸிக் கட்டியிலோ, விரலால் அழுத்தித் தேய்க்கும் நம் கைதான் நீரை ஒதுக்கித் தருகிறது. இந்த மூன்றும் புத்திசாலித்தனமான வழிகள். ஆனால் மூன்றுமே ஈரப்பரப்பில் ஒட்டும் சிக்கலைத் தீர்க்கவில்லை, சுற்றிக்கொண்டு போகின்றன. வீட்டுக் குழாய்க்கு அது போதும் என்பதே என் கருத்து. துடிக்கும் இதயத்தைச் சுற்றி டேப்பை இழுத்துக் கட்ட முடியாது.

சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டு வென்ற உயிர் கடலோரப் பாறையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்தில் பாறைகளிலிருந்து மூழ்கிப் பெயர்த்தெடுத்து, கறி வைக்கிற சிப்பியைத்தான் சொல்கிறேன். மஸல் என்ற இனம். அலை ஓயாமல் அறைகிற இடத்தில், உப்புநீருக்கு அடியில், பாசி படிந்த கல்லில் அது தங்கிவிடுகிறது. ஓட்டுக்குள்ளிருந்து நாக்குப்போல ஒரு காலை நீட்டும். கல்லைத் தடவி இடம் தேர்ந்து, கால்நுனியைப் பதித்து, நடுவே சிறு குழிவை உண்டாக்கி, அதற்குள் பசைப் புரதங்களைச் சுரக்கும். சில நிமிடங்களில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நூலும், அதன் முனையில் கல்லைப் பற்றிய ஒரு வட்டமும் உருவாகிவிடும். காலை எடுத்துக்கொண்டு அடுத்த நூலுக்குப் போகும்.

அந்த வட்டத்தில் என்ன இருக்கிறது? ஹெர்பர்ட் வெயிட்டும் மார்வின் டான்சரும் 1981இல் விடையின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். மற்ற புரதங்களில் அரிதாகவே தென்படும் டோபா என்ற அமினோ அமிலம் அங்கே குவிந்திருந்தது. புரதங்களில் சாதாரணமாக உள்ள டைரோசினின் வளையத்தில் இன்னொரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்தால் டோபா. நடுக்குவாத நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்தும் இதுவே. பூனைக்காலி விதையில் இருப்பதும் இதுவே. மூளைக்கான மருந்தும் பாறைக்கான பசையும் ஒரே மூலக்கூறாக இருப்பதற்கு ஆழ்ந்த காரணம் எதுவும் இல்லை. இயற்கையின் அஞ்சறைப் பெட்டி அத்தனை பெரியதல்ல.

கல்லை நேரடியாகத் தொடும் புரதங்களில் ஒன்றில் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்கள் டோபா. அதன் வளையத்தில் அருகருகே இரு ஹைட்ராக்சில்கள் இருப்பதால், கல்லின் பரப்பில் இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் பிடிக்க முடியும். ஒரு பிடி நழுவினாலும் மற்றொன்று விடாது; நழுவியது திரும்பப் பற்றிக்கொள்ள நேரம் கிடைக்கும். ஒற்றைப் பிடியோடு வந்து வந்து போகும் நீர் மூலக்கூறால் இதனோடு போட்டியிட முடியாது. பில்லிப் மெஸ்ஸர்ஸ்மித் குழுவினர் 2006இல் ஒரே ஒரு டோபாவை டைட்டானியப் பரப்பிலிருந்து இழுத்துப் பிரித்தார்கள். ஏறத்தாழ 800 பிக்கோநியூட்டன் விசை தேவைப்பட்டது. மீளக்கூடிய பிணைப்பு ஒன்றுக்கு இது வியப்பூட்டும் எண். பிரித்ததைத் திரும்ப வைத்தால் திரும்ப ஒட்டியது.

ஆனால் டோபா தனியாள் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கடலில் இடம் பிடித்திருப்பது வெறும் நீரல்ல. நீர் உறை போர்த்திய உப்பு அயனிகள். சிப்பிப் புரதத்தில் டோபாவுக்குப் பக்கத்திலேயே பல இடங்களில் லைசின் என்ற நேர்மின்னூட்ட அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. 2015இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில், வெயிட்டும் அங்கம் வகித்த குழு மைக்காத் தகட்டில் இதைச் சோதித்தது. லைசின் முன்னே போய் உப்பு அயனிகளைக் கிளப்பிவிடுகிறது. காலியான இடத்தில் டோபா அமர்கிறது. ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் பலம் வெகுவாகக் குறைகிறது. இத்தனை ஆண்டுகள் டோபாவை மட்டும் நகலெடுத்துச் செய்த செயற்கைப் பசைகள் சிப்பியின் அருகில்கூட வராததற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. டோபா எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். கடல்நீர் சற்றே காரத்தன்மை கொண்டது. அதில் டோபா விரைவில் குயினோனாக மாறி, கல்லைப் பிடிக்கும் திறனை இழக்கும். சிப்பி என்ன செய்கிறது என்றால், கால்நுனிக் குழிவுக்குள் கடலைவிட அமிலத்தன்மை கூடிய ஒரு தனிச் சூழலை உண்டாக்குகிறது. கூடவே, கெட்டுப்போன டோபாவைப் பழைய நிலைக்குத் திருப்பும் கந்தகம் கொண்ட புரதம் ஒன்றையும் அனுப்புகிறது. பசையோடு பசைக்கான ஆய்வகத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறது என்று சொல்லலாம். அதையெல்லாம் ஒரு டியூப்பில் அடைத்து விற்க முடியாது. சிப்பியிலிருந்தே பசையை எடுப்பதும் கட்டுப்படியாகாது. ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பிகள் வேண்டும்.

இருந்தாலும் அரைகுறை நகலே சில வாசல்களைத் திறந்தது. 2007இல் மெஸ்ஸர்ஸ்மித் குழு பல்லியின் நுண்மயிரைப்போல ரப்பரில் நுண்தூண்கள் செய்து, அவற்றின்மேல் டோபா வகைப் பலபடியை மெல்லியதாகப் பூசியது. நீருக்கடியில் தூணின் பிடி ஏறத்தாழ 15 மடங்கு கூடியது. ஆயிரம் தடவைக்கு மேல் ஒட்டியும் எடுத்தும் பார்த்தார்கள். நனைந்த நிலையிலும் பிடி பெரிதாகத் தேயவில்லை. பல்லிக்கும் மஸலுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டுப்போட்டு ‘கெக்கல்’ என்று பெயர் வைத்தார்கள். விரல் நகத்தைவிடவும் மிகச் சிறிய பரப்பில் நடந்த சோதனை அது. அத்தகைய தூண்களைச் சுருள் சுருளாக, மலிவாக அச்சடிப்பது வேறொரு பிரச்சினை.

இந்த இடத்தில் அறுவை மருத்துவம் உள்ளே வருகிறது. குடலையோ நுரையீரலையோ ஊசி நூலால் தைத்தால், தைத்த துளை ஒவ்வொன்றும் ஒரு கசிவு வழி. ஒட்டிவிட முடிந்தால் எத்தனை நன்மை! உடனடிப் பசையை முயன்றார்கள். ஹாரி கூவர் 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிக்கான தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடும்போது எதிர்ப்பட்ட சயனோஅக்ரிலேட் அது. வியட்நாம் போரில் காயத்தின்மேல் தெளித்துக் குருதிப்போக்கை நிறுத்தினார்கள். தோல் காயங்களை மூட இன்றும் அதன் வகைகள் பயன்படுகின்றன. ஆனால் அது இறுகுவதே நீரைத் தொட்டவுடன்தான். கொஞ்சம் ஈரம் இருந்தால் வரம்; நிறைய இருந்தால் உறுப்பைச் சேருமுன்னே கட்டியாகிவிடும். கட்டியானதும் கண்ணாடிபோல் விறைப்பு. நுரையீரலோ மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்குவது.

விறைப்புக்கு மாற்று வழியை ஓடில்லா நத்தை ஒன்று காட்டியது. ஆரியான் சப்ஃபஸ்கஸ் என்ற அந்த நத்தை, மிரண்டால் எதிரியின் வாயில் ஒட்டிக்கொள்ளும் கோழையைச் சுரக்கும். அது கடினமானதல்ல, விடாப்பிடியானது. இழுத்தால் உள்ளேயுள்ள சில இணைப்புகள் முறிந்து இழுவை ஆற்றலை விழுங்கிவிடும். பரப்புவரை அது போய்ச் சேராது. ஹார்வர்டில் 2017இல் ஜியான்யூ லீ, டேவிட் மூனி குழுவினர் இதே பாணியில், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைக் கொண்டு ஒரு ஹைட்ரோஜெல் செய்தார்கள். குருதி படிந்த பன்றி இதயத்தில் ஒட்டியது. பிடித்து அழுத்தி நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

2019இல் எம்ஐடியில் ஹியூன்வூ யூக், கிளாடியா வரேலா, ஷுவான்ஹே ஜாவ் ஆகியோர் அடங்கிய குழு, இதுவரை எல்லோரும் சண்டையிட்ட நீரோடு சண்டையிடாமல் அதைக் குடித்துவிட முடிவுசெய்தது. இரண்டு பக்கமும் ஒட்டும், முற்றிலும் உலர்ந்த ஒரு டேப். அதன் அடிப்படை பாலிஅக்ரிலிக் அமிலம். குழந்தைகளின் டயாப்பரில் நீரை உறிஞ்சுகிற பொருளின் உறவுக்காரர். அதோடு ஜெலட்டினோ, இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கும் கைட்டோசானோ கலந்திருக்கும். ஈரமான உறுப்பின்மேல் வைத்து ஐந்து நொடி அழுத்தினால் போதும். இடைப்பட்ட நீர்ப்படலத்தை டேப் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. வெளியே பிதுக்கித் தள்ளும் ஸ்டெஃபானின் கணக்கு இங்கே செல்லாது. நீர் ஓரம்வரை ஓட வேண்டியதில்லை, நேரே மேலே ஏறினால் போதும். படலம் மறைந்ததும் ஹைட்ரஜன் பிணைப்பும் மின்னூட்ட ஈர்ப்பும் டேப்பை அங்கேயே நிறுத்திவைக்கின்றன. பின்னர், டேப்பில் கோத்துவைத்த என்ஹெச்எஸ் எஸ்டர் தொகுதிகள் உறுப்பின் புரதங்களிலுள்ள அமீன்களோடு வினைபுரிந்து உறுதியான சகப்பிணைப்புகளை உண்டாக்குகின்றன. நீரைக் குடித்த டேப் மென்மையான ஜெல்லாகி, உறுப்போடு சேர்ந்து நீண்டு சுருங்குகிறது. பன்றியின் நுரையீரல், மூச்சுக்குழல், இரைப்பை, குடல், இதயம் எல்லாவற்றிலும் சோதித்தார்கள். ஜெலட்டின் டேப் உடலில் விரைவில் கரையும். கைட்டோசான் டேப் அதைவிட நெடுநாள் நிற்கும்.

இந்த யோசனைக்குச் சிலந்தியைக் கைகாட்டினார்கள். மழையிலும் பூச்சி பிடிக்கும் வலையின் பசைத்துளிகளில் உள்ள மின்னூட்டப் பொருள்கள், பூச்சியின் உடல் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. எனக்கு இந்த டேப்பில் பிடித்தது அதன் வேதியியலைவிட அதன் வரிசைமுறை. முதலில் நீரை அகற்று, பிறகு தற்காலிகமாகப் பிடி, பிறகு நிரந்தரமாகப் பிணை. லைசினும் டோபாவும் செய்வதும் இந்த வரிசையில்தான்.

நீர் மட்டும் இருந்தால் இது போதும். குருதி கொட்டும் காயத்தில் நீரைக் குடித்தாலும் புரதங்களும் செல்களும் பரப்பில் தங்கிவிடும். அதனால் அதே ஆய்வகம் 2021இல் வேறு வழிக்குப் போனது. படகின் அடிப்பக்கத்தில் பற்றிக்கொள்ளும் பார்னக்கிளின் இளவுயிரி, இடத்தைப் பிடிக்கும்போது எண்ணெய்த்தன்மையுள்ள பொருளையும் புரதப் பசையையும் சேர்த்துச் சுரப்பது 2014இல் தெரியவந்திருந்தது. எண்ணெய் முன்னே சென்று பரப்பிலுள்ள நீரை விலக்குகிறது. பசை பின்னே வருகிறது. ஆய்வகத்திலும் அதேபோலப் பசைத் துகள்களைச் சிலிகான் எண்ணெயில் குழைத்துக் களிம்பாக்கினார்கள். அழுத்தியதும் எண்ணெய் குருதியை ஒதுக்குகிறது. துகள்கள் ஒன்றோடொன்றும் உறுப்போடும் பிணைகின்றன. பன்றிகளில் பதினைந்து நொடி அளவில் குருதிப்போக்கு நின்றது. ஒரே ஆய்வகம், ஒரே பாலிஅக்ரிலிக் அமிலம். திரவம் மாறியதும் உத்தி மாறியது. எல்லா ஈரத்துக்கும் ஒரே டேப் என்று எவராவது விளம்பரம் செய்தால், எந்த ஈரம் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

ஐந்து நொடியில் ஒட்டும் டேப்பில் அறுவை மருத்துவருக்கு ஒரு பயம் உண்டு: தவறான இடத்தில் ஒட்டிவிட்டால்? பிய்த்தால் உறுப்பின் சதையும் சேர்ந்து வரும். 2020இல் வந்த டேப்பின் அடுத்த வடிவத்தில், உறுப்போடு சேரும் பிணைப்புகளுக்கு நடுவே முறிக்கக்கூடிய கந்தகக் கண்ணி ஒன்றைச் செருகினார்கள். பைகார்பனேட்டும் குளுட்டதயோனும் கலந்த கரைசலை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் டேப் சேதமின்றி உரிந்து வருகிறது.

சிப்பி இதற்கு வேறு விடை வைத்திருக்கிறது. இடம் மாற நினைக்கும் சிப்பி கல்லிலுள்ள பசையைத் தொடுவதே இல்லை. அத்தனை நூல்களும் ஒன்றுசேரும் தண்டு, சிப்பியின் உடலுக்குள் உயிருள்ள திசுவில் செருகியிருக்கிறது. அந்தச் சந்திப்பில் தண்டின் மெல்லிய அடுக்குகளும் திசுவின் அடுக்குகளும் மாறி மாறிப் பின்னிக்கிடக்க, கோடிக்கணக்கான நுண்குற்றிழைகள் இரண்டையும் பிடித்துவைத்திருக்கின்றன. மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாத்யூ ஹாரிங்டன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த இழைகளின் அசைவைச் செரடோனின் போன்ற நரம்புக் கடத்திகளைக் கொண்டு சிப்பி கட்டுப்படுத்துகிறது. விட வேண்டும் என்றால் தண்டையே கழற்றி விட்டுவிடுகிறது. எலும்பிலும் தோலிலும் செயற்கை உறுப்புகளைப் பொருத்துகிறவர்கள் இப்போது சிப்பியின் அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.